பழைய தொடரைக் குறை சொல்லும் முன் பிரதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிவி தொடர்களை இன்றைக்குப் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்கவில்லை, படம் மங்கல், முகமெல்லாம் உப்பல், நடிப்பு மிகை, கதை இழுவை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மிகையையும் இழுவையையும் பற்றி அப்புறம் பேசலாம். மங்கலுக்கும் உப்பலுக்கும் அந்தத் தொடர்களை எடுத்தவர்கள் பொறுப்பல்ல. யாரோ எங்கிருந்தோ எடுத்து, இழுத்து, வெட்டி யூடியூபில் ஏற்றிய பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் இப்படித் தீர்ப்பு எழுதுகிறோம். நம் முன்னால் ஓடுவது அந்தத் தொடர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும்.

அன்றைய நம் தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கியது. மொத்தம் 625 படுக்கை வரிகள், அவற்றில் படம் இருப்பது 576. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. இன்றைய டிவி 16:9. பழைய தொடரை இதில் ஒழுங்காகப் போட்டால் இடமும் வலமும் கருப்புப் பட்டை விழும். அப்படி விழுவதுதான் சரி. பட்டையைக் கண்டால் ஆகாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். படத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். கட்டுரையாளர் கண்ட உப்பல் இதுதான். இழுக்காமல் வெட்டினால் மேலே 72 வரி, கீழே 72 வரி போய், மிஞ்சுவது 432. எடுத்த படத்தில் கால்வாசி காணாமல் போகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். சுவர்க் கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு, நெற்றிப் பொட்டு என்று வட்டமான ஒன்றைப் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் இழுத்த பிரதி. டைட்டிலில் பெயர்கள் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொட்டுக்கொண்டு ஓடினால் வெட்டிய பிரதி. அந்தக் காலத்தில் எழுத்துகளை ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளித்தான் வைப்பார்கள். வீட்டு டிவிப் பெட்டிகள் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும் என்பதால் அதற்கென்று வரம்பே இருந்தது.

கால்வாசி போனால் என்ன என்று கேட்கலாம். டிவி நாடகம் முகத்தை நம்பிப் பிழைப்பது. சின்னப் பெட்டிக்கு எடுத்தது என்பதால் குளோஸப் அதிகம். நெற்றியிலிருந்து கழுத்து வரை படத்தை நிறைத்து வைத்திருப்பார்கள். அதில் கை வைத்தால் நெற்றியும் தாடையும் போகும். ஒருவர் உட்கார்ந்து இன்னொருவர் நிற்கும் ஷாட்டில் நிற்பவருக்குத் தலையே இருக்காது. நகைச்சுவையில் சேதம் இன்னும் அதிகம். அமெரிக்கத் தொடரான 'சைன்ஃபெல்ட்' 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் 16:9 ஆக வந்தபோது, சாலைப் பள்ளத்தை வைத்தே நகரும் ஓர் எபிசோடில் அந்தப் பள்ளமே படத்துக்கு வெளியே போய்விட்டது. பாத்திரம் கீழே கை காட்டிப் பேசுகிறது, கீழே ஒன்றும் இல்லை. 'சிம்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் மூன்று வகை பீர் என்று விற்பதெல்லாம் ஒரே குழாயிலிருந்து இறங்குகிறது என்பது ஒரு ஜோக். 2019-ல் டிஸ்னி பிளஸ் வெளியிட்ட வெட்டிய பிரதியில் மேலே இருந்த அந்தக் குழாய் போய்விட்டது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் அடுத்த ஆண்டு 4:3 திரும்பி வந்தது. அங்கே கேட்டார்கள், கிடைத்தது. நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

அடுத்தது இடவலம். காப்புரிமைக் கண்காணிப்பை ஏமாற்ற, சிலர் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஏற்றுவார்கள். கடைப் பலகை தெரியும் ஷாட் வந்தால் எழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுக்குள் நடக்கும் காட்சி என்றால் முந்தானையைப் பாருங்கள். வீட்டில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அது வலது தோளில் கிடந்து, ஆண்களின் சட்டைப் பை வலது பக்கம் இருந்து, எல்லோரும் இடது கையால் சாப்பிட்டால் அது திருப்பிய பிரதி. இதே ஆட்கள் வேகத்தையும் நூற்றுக்கு நாலைந்து கூட்டிவிடுவார்கள். வசனம் படபடவென்று போகும், டைட்டில் பாட்டின் சுருதி ஏறியிருக்கும். யூடியூபில் வேகத்தை 0.95 ஆகக் குறைத்தால் பேச்சின் நிதானம் ஓரளவு திரும்பும், சுருதி திரும்பாது. நகைச்சுவை நடிகர் ஒரு வரிக்கு முன்னால் விடும் அரை வினாடி இடைவெளியில்தான் அந்த வரி சிரிப்பாகிறது. அது சுருங்கினால் சிரிப்பு வராது. அப்புறம் அந்த நடிகர் மேல் பழி.

மங்கலுக்கு வருவோம். பழைய வீடியோவில் வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக எடுக்கப்பட்டது. ஆக வினாடிக்கு 50 பாதிகள். கணினிக்கு மாற்றும்போது இரண்டு பாதிகளையும் அப்படியே ஒட்டிவிட்டால், கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக நிற்கும். அதற்குப் பயந்து ஒரு பாதியைத் தூக்கி எறிந்தால் விவரத்தில் பாதி போய் முகம் குழைந்துவிடும். 50 பாதிகளையும் 50 முழுப் படங்களாக விரிப்பதுதான் சரியான முறை. இதை முறையாகச் செய்த பிரதியை ஒரு தடவை பார்த்தவர்கள் மற்றதைப் பார்க்கக் கூசுவார்கள். இப்போது ஏ.ஐ. கொண்டு 4கே ஆக்கித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 576 வரியில் இல்லாத சருமத்தை அது தானாகக் கற்பனை செய்து பூசுகிறது. மூத்த நடிகையின் கன்னச் சுருக்கம் மெழுகாகிவிடும், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணும் மூக்கும் இடம் மாறிவிடும். மங்கலான நிஜம் இதைவிட எவ்வளவோ மேல்.

எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்பதையும் படமே சொல்லும். படத்தின் அடி விளிம்பில் ஒரு பட்டை நெளிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் அது யாரோ வீட்டில் வி.எச்.எஸ். கேசட்டில் பதிவு செய்ததிலிருந்து எடுத்தது. நிறுவனம் பீட்டா டேப்பில் வைத்திருந்த மூலப் பதிவு (மாஸ்டர்) அல்ல. வெள்ளைக் கீற்றுகள் படுக்கைவாட்டில் மின்னி மறைந்தால் டேப்பின் பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஆனால் எல்லாக் குறையும் பிரதியின் குறை அல்ல. எண்பதுகளில், சிப்புக்குப் பதில் கண்ணாடிக் குழாய் படம் பிடித்த குழாய்க் கேமராவில் குத்துவிளக்கைத் தாண்டிக் கேமரா நகர்ந்தால் சுடருக்கு ஒரு வால் முளைக்கும். அதற்கு அடுத்த தலைமுறைக் கேமராவில் கார் முகப்பு விளக்கின் வழியாக மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். இவை படப்பிடிப்பு அன்றே பதிந்தவை. அழிக்க வேண்டியதில்லை.

ஒலியில் அடிக்கடி வரும் கோளாறு, ஹெட்போனில் வசனம் ஒரு காதில் மட்டும் கேட்பது. வேற்று மொழிக்கு டப்பிங் செய்ய வசதியாகச் சில டேப்புகளில் முழு ஒலி ஒரு தடத்திலும், வசனம் இல்லாத இசையும் ஓசையும் இன்னொரு தடத்திலும் இருக்கும். பிரிக்காமல் ஏற்றிவிட்டால் ஒரு காதில் கதாநாயகி அழுவாள், இன்னொரு காதில் வயலின் மட்டும் அழும். போனில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குள் போய் 'மோனோ ஆடியோ'வை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வரும்.

டிவியில் செய்ய வேண்டியது மூன்றே வேலை. படத்தின் அளவை 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வையுங்கள். டி.டி.எச். பெட்டியிலும் இதே அமைப்பு தனியாக இருக்கிறது, அங்கேயும் மாற்றாவிட்டால் பெட்டி இழுத்துத்தான் அனுப்பும். இரண்டாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். சோனியில் அதன் பெயர் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. அரைகுறைப் பிரதியில் அது விரல்களைச் சுற்றிப் புகை போல ஒன்றைக் கிளப்பும். மூன்றாவது ஷார்ப்னஸ். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதல்லவா, அது மறையும் வரை குறையுங்கள். 'விவிட்' என்ற வண்ண அமைப்பில் பழைய பட்டுப்புடவை எதையும் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் தொடர் நிற்கிறதா விழுகிறதா என்ற பேச்சுக்கே வர முடியும்.

'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' இன்றும் நிற்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதை, நாகாவின் இயக்கம். முடிச்சை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. பார்க்காத இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராமம், அதன் காவல் தெய்வத்தின் மேல் உள்ள பயம், அந்தப் பயத்தைக் கேள்வி கேட்கும் அறிவு. கடந்த காலமும் நிகழ்காலமும் மாறி மாறி வருகின்றன. யார் செய்தது என்று தெரிந்துகொண்டே இரண்டாம் முறை பார்க்கும்போது, ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார்கள், யாருடைய முகத்தைக் கேமரா தவிர்க்கிறது என்று கவனிப்பது தனிச் சுவை. ஆனால் இதை 240 வரிப் பிரதியில் பார்ப்பது வீண். கதையின் உயிரே இரவுக் காட்சிகளில் இருக்கிறது. வீடியோவைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இருட்டுதான்; மரநிழல், குதிரை, ஆள் எல்லாம் சேர்ந்து கருப்புக் கட்டங்களாகிவிடும். டிவியில் பிரைட்னஸை ஏற்றினால் கட்டங்கள்தான் பளிச்சென்று தெரியும். அதே எபிசோடுக்கு வேறு பதிவு இருக்கிறதா என்று தேடி, இருப்பதில் அதிக வரிகள் உள்ளதை எடுப்பதைத் தவிர வழியில்லை.

தூர்தர்ஷனில் 1986-ல் வந்த 'மால்குடி டேஸ்' நிற்பதற்குக் காரணம் வேறு. ஆர்.கே. நாராயணின் கதைகள், இயக்கம் சங்கர் நாக், இசை நம் எல். வைத்தியநாதன். கர்நாடகத்தின் ஆகும்பேயில் நிஜத் தெருவில் எடுத்தார்கள். பல எபிசோடுகள் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே முடிந்துவிடும். பின்கதை தெரிய வேண்டியதில்லை, எங்கிருந்தும் தொடங்கலாம். அன்றைய தூர்தர்ஷனில் தொடர்களுக்கு 13 வாரக் கணக்கில்தான் அனுமதி கிடைக்கும். வாரம் ஒரு அரைமணி. இடையில் ஆறு நாள் பார்வையாளர் மறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு வாரமும் முழுதாக ஏதாவது ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' எடுத்த காலமும் இந்த வாரத்தொடர்க் காலம்தான். எழுத்தாளருக்கு அது நெருக்கடி. இன்று பார்ப்பவருக்கு அதுவே லாபம்.

தினத்தொடரின் இழுவை பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் பார்த்த முறையும் தப்பு. 'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 800 எபிசோடைத் தாண்டி ஓடியது. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோதும் வீடுகளில் ஓடியது. இப்படிப்பட்ட தொடரில் ஓர் எபிசோடைப் பிரித்துப் பாருங்கள். டைட்டில் பாட்டு, முன்கதை, ஒவ்வொரு பிரேக்குக்கும் பிறகு முந்தைய ஷாட்டின் மறுபதிப்பு, கடைசியில் நாளைய காட்சி. இருபது சொச்சம் நிமிடத்தில் நாலைந்து நிமிடம் இதற்கே போகும். தினம் ஒன்று பார்ப்பவருக்கு இது ஞாபகக் குறிப்பு. ஒரே மூச்சில் பத்து பார்ப்பவருக்குத் தண்டனை. தினத்தொடரைத் தினம் ஒன்றாகவே பாருங்கள், அல்லது முன்கதையைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

வசனம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகிறதே என்பது இன்னொரு புகார். அந்த நேரத்தில் பார்வையாளரில் பாதிப்பேர் அடுப்படியில் இருந்தார்கள். காதால் கேட்டே கதை புரிய வேண்டும். அதனால்தான் 'உங்க அம்மா நேத்து என்னைப் பார்த்துச் சொன்னாங்களே' என்று தெரிந்த விஷயத்தையே திரும்பச் சொல்வார்கள். முகத்தை மூன்று தடவை நெருங்கிக் காட்டி 'டொய்ங்' என்று ஓசை போடுவது அடுப்படியில் இருப்பவரைக் கூடத்துக்குக் கூப்பிடத்தான். இன்று கையில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்காக ஓ.டி.டி. தொடர்களும் இதே விளக்க வசனத்தைத்தான் எழுதுகின்றன, டொய்ங்தான் இல்லை.

'மெட்டி ஒலி'யில் இன்று உறுத்துவது வேறு இடம். டெல்லி குமார் நடித்த சிதம்பரம் ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சம்பந்தி வீட்டு வாசலிலும் கூனிக் குறுகி நிற்கிறார். அன்று அவருக்காக அழுதவர்கள் இன்று 'ஏன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரவில்லை' என்று அவர் மேலேயே கோபப்படுகிறார்கள். இதைத் தொடரின் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேதன் நடித்த மாணிக்கம் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. அவனை நல்லவன் என்று தொடர் எங்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை. நாம்தான் அன்று அவனை மன்னித்தோம்.

நகைச்சுவைக்கு ஆயுள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' ஹிட் படங்களைக் கிண்டல் செய்தது. மூலப்படத்தைப் பார்க்காதவருக்குப் பாதி ஜோக் விளங்காது, ஆகவே படத்தை முதலில் பார்த்துவிட்டு அதைப் பார்ப்பதுதான் முறை. படத்தின் பின்னணி இசையை அப்படியே போட்டுத்தான் இந்த வகைக் கிண்டலை நடத்துவார்கள். ஆடியோ நிறுவனங்களின் தானியங்கிக் கண்காணிப்பில் மாட்டி அந்த இடம் ஊமையாகிவிட்டால் ஜோக்கும் போயிற்று. ஆண் பெண் வேடம் போட்டாலே சிரிப்பு, நிறத்தைச் சொன்னால் சிரிப்பு, உடம்பைச் சொன்னால் சிரிப்பு என்பவை செத்துவிட்டன, சாகட்டும். மனோகரின் கை கால் ஆட்டமும், பல்லைக் காட்டாமல் மொக்கை வசனத்தைப் பேசிவிட்டுப் போகும் சுவாமிநாதனின் முகமும் இன்றும் வேலை செய்கின்றன. உடம்பால் செய்த நகைச்சுவை உடம்பைக் கிண்டல் செய்த நகைச்சுவையைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

சிரிப்பொலி சேர்த்த பழைய தொடர்களில் அதை நீக்கிவிட்டால் நன்றாக இருக்குமே என்பார்கள். எல்லாவற்றுக்கும் அது சரிப்படாது. அமெரிக்கத் தொடரான 'மேஷ்' போர் மருத்துவமனைக் கதை. அதன் டிவிடியில் சிரிப்பொலி இல்லாமல் பார்க்க வழி வைத்தார்கள், அது நன்றாகவே இருக்கிறது. காரணம், அது ஆட்கள் முன்னால் நடித்தது அல்ல. உண்மையான பார்வையாளர் முன் நடித்த தொடரில் நடிகர் சிரிப்பு அடங்கக் காத்திருப்பார். ஒலியை எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு மட்டும் மிஞ்சி, ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டு நிற்பது போல் இருக்கும்.

இன்று ஒவ்வாத காட்சியை வெட்டி எறிவதும் வேண்டாம். 2020-ல் பிரிட்டனில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஓர் எபிசோடை இனவெறிச் சொற்களுக்காக எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வைத்தார்கள். குறிப்பு போதும். மனைவியை அறைவதை 'உரிமை' என்று காட்டிய தொடர் அப்படித்தான் காட்டியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சேனல்களிடமும் தயாரிப்பு நிறுவனங்களிடமும் சில வேண்டுகோள்கள். அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இன்றும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அதை மூன்று கேமராக்களில் 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்ததுதான். பிபிசி டேப்பைத் துடைத்து மறுபடி பயன்படுத்தியதாலும் பழைய ஃபிலிம் பிரதிகளைக் கழித்துக் கட்டியதாலும் 'டாக்டர் ஹூ'வில் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் போய்விட்டன. நம்முடையவை பெரும்பாலும் டேப்பில் இருப்பவை. டேப்பின் பூச்சை ஒட்டவைக்கும் பசை ஈரம் குடிக்கும். சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. பிசுபிசுத்துப்போன டேப்பைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து, இறுகிய சில நாட்களுக்குள் ஓட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். இது பட்டறை வேலை. வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நல்ல கேசட்டாக இருந்தால் 720×576 அளவில், வரிகளைக் கலைக்காமல் பதிவு செய்து, அந்த மூலக்கோப்பை அழிக்காமல் வையுங்கள். தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி மாஸ்டர் அழிந்துபோன தொடர் ஒன்று உங்கள் பரணில் இருக்கலாம்.

யூடியூபில் ஏற்றும் நிறுவனங்கள் 4:3-ஐத் தொட வேண்டாம். வினாடிக்கு 50 படமாக விரித்து ஏற்றுங்கள். பிரேக்குக்குப் பிந்தைய மறுபதிப்பை வேண்டுமானால் எடுங்கள், டைட்டிலையும் முடிவுப் பெயர்களையும் எடுக்காதீர்கள். 'பார்ட் 37' என்று மட்டும் போடாமல், ஒளிபரப்பான தேதி, வசனம் எழுதியவர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களைக் கீழே குறிப்பில் எழுதுங்கள். அந்தக் காலத் தொழில்நுட்பக் கலைஞர்கள் பலருக்கு அவர்கள் செய்த வேலைக்கு அந்த ஓடும் எழுத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. இப்போது ஏற்றப்படும் பிரதிகளில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.